ரிட்டயர் ஆனவர்களுக்கு ஆன்லைன் வகுப்புகள்: எங்கே இலவசம், எப்படிச் சேர்வது, எதில் உஷார்?

காலை ஏழு மணி. காபி குடித்து, பேப்பர் பார்த்து முடித்ததும் வாட்ஸ்அப்பைத் திறக்கிறார், போன வருடம் பணி ஓய்வு பெற்ற ஒருவர். குட் மார்னிங் படங்களுக்கு நடுவே இரண்டு அழைப்பிதழ்கள். ஒன்றில், 'சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, சோழர் காலக் கல்வெட்டுகள் பற்றி ஜூம் வழியாக உரை. அனுமதி இலவசம், அனைவரும் வருக' என்று இருக்கிறது. இன்னொன்றில், 'மூத்த குடிமக்களுக்கு இலவச ஷேர் மார்க்கெட் வகுப்பு. இன்றே குழுவில் சேருங்கள், இடங்கள் குறைவு' என்று இருக்கிறது.

பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான். ஒரு போட்டோ, ஒரு தலைப்பு, ஒரு லிங்க். முதலாவது ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, சில சமயம், ஓய்வூதியப் பலனாக வந்த மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஓய்வு பெற்றவர்களுக்கு ஆன்லைனில் என்னவெல்லாம் கிடைக்கிறது, எதில் சேர்ந்தால் பலன், எப்படிச் சேர்வது, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் இப்போது இவ்வளவு பேச்சு?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் சட்டப்படி மூத்த குடிமக்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இவர்கள் சுமார் 10.4 கோடி பேர். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் சுமார் 10.4 சதவீதம். கேரளா, கோவாவுக்கு அடுத்தபடியாக முதியோர் பங்கு அதிகமாக இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதன் பிறகு இந்த எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போகிறது.

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. 60-ல் வீட்டுக்கு வருபவருக்கு அதன்பின் பதினைந்து, இருபது வருடங்கள் இருக்கின்றன. முப்பது வருடம் காலை எட்டரை மணிக்குக் கிளம்பிப் பழகியவருக்கு, திடீரென்று பதினோரு மணிக்கு என்ன செய்வது என்றே தெரியாது. முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாவது மாதத்தில்தான் பிரச்சினை தெரியும்.

2020 கொரோனா ஊரடங்கில் நூலகங்கள், இலக்கிய அமைப்புகள், கல்லூரிகள் எல்லாம் தங்கள் கூட்டங்களை ஜூமுக்கும் யூடியூபுக்கும் மாற்றின. அதுவரை சென்னையில் ஓர் அரங்கத்தில் நடந்த உரையை, தென்காசியில் இருந்தோ தர்மபுரியில் இருந்தோ கேட்க வழியே இல்லை. அதற்குப் பிறகு வழி வந்தது. ஊரடங்கு முடிந்தும் பல அமைப்புகள் ஆன்லைனை விடவில்லை.

இதில் அதிகம் பலன் பெறுபவர்கள் யார்? மூட்டுவலியால் பஸ் ஏற முடியாதவர்கள், ராத்திரி ஏழரை மணிக்கு மேல் தனியாக வீடு திரும்பத் தயங்கும் பெண்கள், படுக்கையில் இருக்கும் துணையை விட்டு நகர முடியாதவர்கள், சின்ன ஊர்களில் இருப்பவர்கள்.

இந்த யோசனை எங்கே தொடங்கியது?

ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கல்வி என்ற எண்ணம் இணையத்துக்கு முந்தையது. 1973-ல் பிரான்சின் துலூஸ் நகரில், பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் 'மூன்றாம் வயதின் பல்கலைக்கழகம்' என்ற ஒன்றைத் தொடங்கினார். படிக்கும் காலம் முதல் வயது, உழைக்கும் காலம் இரண்டாம் வயது, அதற்குப் பிந்தையது மூன்றாம் வயது. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்து முதியவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். அதுதான் பிரெஞ்சு முறை.

1980-களின் தொடக்கத்தில் இது இங்கிலாந்துக்குப் போனபோது ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகிய மூவர் இதை முன்னெடுத்தார்கள். அவர்கள் கேட்டது எளிமையான கேள்வி: ஓய்வு பெற்றவர்களில்தானே முன்னாள் ஆசிரியர், இன்ஜினியர், நர்ஸ், தோட்டக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள்? வெளியில் இருந்து ஆசிரியர் எதற்கு? அதனால் அங்கே உறுப்பினர்களே பாடம் நடத்துவார்கள், உறுப்பினர்களே கற்பார்கள். பரீட்சை கிடையாது, பட்டமும் கிடையாது. இன்று பிரிட்டனில் இப்படி 1,000-க்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் இயங்குகின்றன.

சீனாவில் முதியோருக்கான முதல் பல்கலைக்கழகம் 1983-ல் ஷான்டொங் மாகாணத்தின் ஜினான் நகரில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் 1990-களின் கடைசியிலேயே முதியோருக்கான ஆன்லைன் பாடங்கள் வந்துவிட்டன. சிங்கப்பூரில் 50 வயதைத் தாண்டியவர்களுக்காக 'நேஷனல் சில்வர் அகாடமி' 2016 முதல் செயல்படுகிறது.

நம்மூரில் இதே பெயரில் பெரிய இயக்கம் இல்லாவிட்டாலும், இதற்குத் தேவையான பொருள் எல்லாம் சிதறிக் கிடக்கிறது. எங்கே என்று தெரிந்தால் போதும்.

உரை, வெபினார், கோர்ஸ்: என்ன வித்தியாசம்?

அழைப்பிதழில் எல்லாவற்றுக்கும் 'ஆன்லைன் நிகழ்ச்சி' என்றுதான் போடுவார்கள். ஆனால் நான்கு வகைகள் இருக்கின்றன.

● நேரலை உரை: ஒருவர் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் பேசுவார். கடைசியில் கேள்வி நேரம். ஜூம் அல்லது கூகுள் மீட்டில் நடந்தால் நீங்களும் பேசலாம். முகம் பார்க்கலாம்.

● வெபினார்: இதுவும் நேரலைதான். ஆனால் பேச்சாளர் மட்டுமே திரையில் தெரிவார். நீங்கள் கேள்வியை எழுத்தில்தான் அனுப்ப முடியும். 'என் முகம் யாருக்குமே தெரியலையே, ஏதோ தப்பா அமுக்கிட்டேனா?' என்று பதற வேண்டாம். அமைப்பே அப்படித்தான்.

● கோர்ஸ்: நான்கு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று தொடர்ந்து நடக்கும். வாரா வாரம் வீடியோ, வீட்டுப்பாடம் இருக்கும். விரும்பினால் பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெறலாம்.

● பதிவான வீடியோ: யூடியூபில் இருப்பது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். நிறுத்தி, திரும்ப ஓட்டலாம். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

முதல் முறை என்றால் நேரலை உரையில் தொடங்குவது நல்லது. தேதி, மணி என்று ஒன்று இருந்தால்தான் அந்த நாளுக்கு ஒரு வடிவம் வரும். 'சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு வகுப்பு இருக்கு' என்று வீட்டில் சொல்வதே ரிட்டயர் ஆனவருக்கு ஒரு தெம்பு.

இலவசமாக எங்கே கற்கலாம்?

சுயம்: மத்திய அரசின் ஆன்லைன் கல்வித் தளம். 2017 ஜூலை 9-ல் தொடங்கப்பட்டது. பள்ளிப் பாடம் முதல் முதுகலைப் பாடம் வரை இருக்கிறது. படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கான தேர்வு எழுதினால் மட்டும் பணம். ஒவ்வொரு பாடத்திலும் வீடியோ, படிக்கும் பொருள், சுயமதிப்பீட்டுக் கேள்விகள், விவாதப் பகுதி என நான்கு அம்சங்கள் இருக்கும். இணையம் சரியாக வராத வீடுகளுக்கு 'சுயம் பிரபா' என்ற பெயரில் டிடிஎச் வழியாகக் கல்விச் சேனல்களும் உண்டு.

என்பிடெல்: ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம். பெயரைக் கேட்டதும் இன்ஜினியரிங் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தத்துவம், உளவியல், பொருளாதாரம், இலக்கியம், மொழியியல் பாடங்களும் இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். ஜனவரி, ஜூலை என வருடத்துக்கு இரண்டு முறை புதிய சுற்று தொடங்கும். தேர்வு எழுத நேரில் மையத்துக்குப் போக வேண்டும். தேர்வே வேண்டாம், பாடம் மட்டும் போதும் என்றாலும் தடை இல்லை.

தமிழ் இணையக் கல்விக்கழகம்: 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் நிறுவனம். முக்கியமாக வெளிநாட்டுத் தமிழர்களுக்காக உருவானாலும், இலக்கியம், இலக்கணம், வரலாறு, கலை பற்றிய பாடங்களை யாரும் இணையதளத்தில் படிக்கலாம். இவர்களின் மின்நூலகத்தில் பழைய நூல்கள், இதழ்கள் ஏராளம். தாத்தா காலத்துப் பத்திரிகை எப்படி இருந்தது என்று பார்க்க ஆசை இருந்தால் ஒரு வாரம் போவதே தெரியாது.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்: சென்னை தரமணியில் இருக்கிறது. இங்கே நடக்கும் ஆய்வுரைகள் யூடியூபில் கிடைக்கின்றன. சிந்துவெளி, அச்சு வரலாறு, இசை என்று பல தலைப்புகள்.

தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை: சென்னையைச் சேர்ந்த தன்னார்வ அமைப்பு. கோயில் கட்டடக்கலை, சிற்பம், ஓவியம், அறிவியல் வரலாறு பற்றித் தொடர்ந்து உரைகள் நடத்துகிறது. வீடியோக்களும் இருக்கின்றன. ஏறக்குறைய இதே பெயரில், சுபாஷிணி தலைமையில் ஜெர்மனியை மையமாகக் கொண்டு இயங்கும் 'தமிழ் மரபு அறக்கட்டளை' தனி அமைப்பு. அவர்களும் ஆன்லைன் உரைகள் நடத்துகிறார்கள். தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பட்டமே வேண்டுமா? 1985-ல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான படிப்புகளுக்கு வயது உச்சவரம்பு இல்லை. தமிழ்வழியில் படிக்கத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்புக்கும் வயது வரம்பு கிடையாது. ஆனால் இவையெல்லாம் கட்டணப் படிப்புகள், பரீட்சையும் உண்டு. முதலில் ஓர் இலவசப் பாடத்தை முழுசாக முடித்துப் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்யலாம்.

மூளைக்கு உண்மையிலேயே நல்லதா?

'கத்துக்கிட்டே இருந்தா மறதி வராது' என்று வாட்ஸ்அப்பில் வரும். அவ்வளவு உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆய்வுகள் சில விஷயங்களைச் சொல்கின்றன.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக டாலஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் தலைமையிலான குழு 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 60 முதல் 90 வயது வரையிலான 221 பேர் கலந்துகொண்டார்கள். சிலர் மூன்று மாதம், வாரத்துக்குச் சராசரியாக 16.5 மணி நேரம், டிஜிட்டல் போட்டோகிராபியோ துணித் தையல் கலையோ புதிதாகக் கற்றார்கள். சிலர் கூடி அரட்டை, சுற்றுலா என்று பொழுதைக் கழித்தார்கள். சிலர் வீட்டிலேயே பாட்டுக் கேட்பது, சொல் விளையாட்டு மாதிரியான எளிய வேலைகளைச் செய்தார்கள். முடிவில், புதிய திறனைக் கற்றவர்களின் நினைவாற்றலில்தான் முன்னேற்றம் அதிகம் தெரிந்தது.

இது ஓர் ஆய்வுதான். ஆனால் அது சொல்லும் சேதி முக்கியம். பழகிய வேலையைத் திரும்பச் செய்வதைவிட, கொஞ்சம் கஷ்டமான புது விஷயத்தில் கை வைப்பது பலன் தரலாம். யூடியூபைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மணி நேரம் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது. ஒரு மணி நேர உரையைக் கேட்டு, நோட்டில் அரைப் பக்கம் எழுதி, ஒரு கேள்வி கேட்டால் அது வேறு கணக்கு.

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் டிமென்ஷியா அபாயத்தைக் கூட்டும், மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அதில் தனிமை, காது கேளாமை, பார்வைக் குறைபாடு ஆகியவையும் இருக்கின்றன. ஆக, வகுப்பில் சேர்வதற்கு முன்னால் காதையும் கண்ணையும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வதும் வகுப்பின் ஒரு பகுதிதான்.

முதல் தடவை சேரும்போது என்ன செய்யணும்?

ஒரு நாள் முன்பே ஒத்திகை பாருங்கள். ஜூம் செயலியைப் பிளே ஸ்டோரில் இருந்து மட்டும் இறக்குங்கள். யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே கோப்பைத் தொடவே வேண்டாம். மகனையோ பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியையோ ஐந்து நிமிடம் ஜூமில் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள்.

லிங்க் வேலை செய்யவில்லையா? அழைப்பிதழில் மீட்டிங் எண்ணும் பாஸ்கோடும் இருக்கும். ஜூமைத் திறந்து 'ஜாயின்' அமுக்கி, அந்த எண்ணைப் போட்டாலும் உள்ளே போகலாம். அதனால் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைச் சரியாகப் போடுங்கள். பலருடைய பெயர் 'ரெட்மி', 'கேலக்ஸி' என்று போன் மாடலாகத்தான் தெரியும். உங்கள் பெயரோடு ஊரையும் சேர்த்துப் போட்டால், பேச்சாளர் கூப்பிடுவது எளிது. 'அட, நீங்களும் திருவாரூரா?' என்று நட்பு தொடங்கும் இடமும் அதுதான்.

மைக்கை மியூட்டில் வையுங்கள். உங்கள் வீட்டுக் குக்கர் விசில் நூறு பேர் வீட்டில் கேட்கும். பேச வேண்டும் என்றால் மட்டும் மியூட்டை எடுத்தால் போதும்.

40 நிமிடத்தில் கட் ஆகிவிட்டதா? உங்கள் போனில் கோளாறு இல்லை. ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடம்தான் நடக்கும். பெரும்பாலும் அதே லிங்க்கில் மறுபடி சேரச் சொல்வார்கள். கூகுள் மீட் இலவசக் கணக்கில் குழுக் கூட்டத்துக்கு 60 நிமிடம்.

டேட்டா எவ்வளவு ஆகும்? வீடியோவோடு ஒரு மணி நேரம் என்றால் அரை ஜிபியில் இருந்து ஒரு ஜிபிக்கு மேலும் போகலாம். தினமும் 1.5 ஜிபி பிளான் வைத்திருப்பவர்கள் அன்று காலையில் ரீல்ஸ் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் கேமராவை அணைத்து வைத்தால் கொஞ்சம் மிச்சமாகும்.

கண்ணுக்குச் சிரமமா? ஸ்மார்ட் டிவி இருந்தால் யூடியூப் உரைகளை அதிலேயே பார்க்கலாம். போனில் எழுத்து அளவை செட்டிங்ஸில் பெரிதாக்கலாம். பேச்சாளர் வேகமாகப் பேசினால், பதிவான வீடியோவின் வேகத்தை 0.75 ஆகக் குறைக்கலாம். காது மந்தமானவர்கள் நல்ல இயர்போன் ஒன்றை வாங்கிக்கொண்டால் வித்தியாசம் உடனே தெரியும். தமிழில் டைப் செய்ய வராதவர்கள், கீபோர்டில் உள்ள மைக் படத்தை அமுக்கிப் பேசினால் எழுத்தாகிவிடும். கேள்வியை அப்படியே அனுப்பலாம்.

மணி யாருடைய மணி? வெளிநாட்டுத் தமிழ் அமைப்புகள் நடத்தும் கூட்டம் என்றால், இந்திய நேரம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். லண்டன் நேரம், பருவத்தைப் பொறுத்து, நாலரை அல்லது ஐந்தரை மணி நேரம் பின்னால்.

எதில் உஷாராக இருக்கணும்?

முதலில் சொன்ன இரண்டாவது அழைப்பிதழுக்கு வருவோம். இலவச வகுப்பு என்ற பெயரில் நடக்கும் முதலீட்டு மோசடி பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறது.

1. பேஸ்புக்கில் விளம்பரம் அல்லது வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். பிரபலமானவர் ஒருவரின் படம் இருக்கும். அந்தப் படமோ வீடியோவோ ஏஐ மூலம் தயாரித்ததாகவும் இருக்கலாம்.

2. குழுவில் சேர்த்துவிடுவார்கள். 'புரொபசர்' என்று ஒருவர், அவருக்கு 'அசிஸ்டென்ட்' என்று ஒருவர். முதல் சில நாட்கள் உண்மையிலேயே பாடம் நடக்கும். மரியாதையாகப் பேசுவார்கள். காலையில் வணக்கம் சொல்வார்கள், மருந்து சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்பார்கள்.

3. குழுவில் மற்றவர்கள் 'இன்னைக்கு எனக்கு 40 ஆயிரம் லாபம்' என்று ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். அவர்களில் பலர் அதே கும்பலின் ஆட்கள்.

4. ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அதில் நீங்கள் போட்ட பணம் வளர்வது போலத் தெரியும். ஆரம்பத்தில் சின்னத் தொகையை எடுக்கவும் விடுவார்கள். நம்பிக்கை வரவேண்டும் இல்லையா, அதற்காக.

5. பெரிய தொகை போட்ட பிறகு எடுக்க முடியாது. எடுக்க வேண்டும் என்றால் வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். அதையும் கட்டினால் குழுவே காணாமல் போகும்.

இதில் மாட்டுபவர்கள் படிக்காதவர்கள் என்று நினைத்தால் தவறு. வங்கியில் வேலை பார்த்தவர்கள், அரசு அதிகாரிகள், டாக்டர்கள் எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள். ரிட்டயர் ஆனவரிடம் மூன்று விஷயங்கள் சேர்ந்து இருப்பது மோசடிக்காரர்களுக்குத் தெரியும்: மொத்தமாக வந்த பணம், நிறைய நேரம், யாராவது பொறுமையாகப் பேச மாட்டார்களா என்ற ஏக்கம்.

அப்போ, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

● உண்மையான உரையில் கேட்பவர் யார் என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. பெயர், ஊர், இமெயில் போதும். ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் கேட்டால் அது வகுப்பு இல்லை.

● லாபம் உறுதி என்று யார் சொன்னாலும் வெளியே வந்துவிடுங்கள். பங்குச்சந்தையில் உறுதியான லாபம் என்று ஒன்று கிடையாது. முதலீட்டு ஆலோசனை சொல்பவர்கள் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை வாங்கி செபி இணையதளத்தில் சரிபாருங்கள்.

● 'உங்களுக்கு உதவி செய்கிறேன், ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க' என்றால் பண்ணக் கூடாது. உங்கள் திரையில் வரும் ஓடிபி அவர்களுக்கும் தெரியும். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரியான செயலிகளை முன்பின் தெரியாதவர் சொல்லி இறக்கவே கூடாது.

● 'ஒரு ரூபாய் கட்டி டிரையல் பாருங்க' என்பதில், பின்னால் மாதா மாதம் பணம் பிடிக்க நீங்களே அனுமதி கொடுப்பது ஒளிந்திருக்கலாம். யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' என்ற பகுதியைத் திறந்து, தேவையில்லாததை ரத்து செய்யுங்கள்.

● 'இதை வீட்டில் சொல்லாதீங்க, சர்ப்ரைஸா இருக்கட்டும்' என்று சொன்னால், அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு இரண்டு நாள் யோசிக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு தூரம் அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்கு முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. வங்கிக்கும் தெரிவியுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். முதியோருக்கான பிற உதவிகளுக்கு, ஓய்வூதியம், சட்ட ஆலோசனை, மனச் சோர்வு எதுவாக இருந்தாலும், 14567 என்ற 'எல்டர் லைன்' எண் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. கட்டணம் இல்லை.

பிள்ளைகள் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர், அப்பா அம்மாவுக்காகப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு நாலு வார்த்தை.

போனைக் கையில் வாங்கி நீங்களே செய்து கொடுக்காதீர்கள். விரல் அவர்களுடையதாக இருக்கட்டும். 'அதை அமுக்கும்மா, இப்போ மேல தள்ளு' என்று சொன்னால் பத்து நிமிடம் ஆகும். ஆனால் அடுத்த சனிக்கிழமை நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது அவர்களே சேர்ந்துகொள்வார்கள்.

'போன தடவைதானே சொல்லிக் கொடுத்தேன்?' என்ற வாக்கியம் வேண்டாம். அதற்குப் பிறகு அவர்கள் உங்களிடம் கேட்கவே மாட்டார்கள். உங்களிடம் கேட்காதவர், முன்பின் தெரியாத 'அசிஸ்டென்ட்'டிடம் கேட்பார்.

என்ன வகுப்பு, யார் பேசினார்கள் என்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள். அவர்கள் கற்றதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த மாதிரியும் இருக்கும். ஏதாவது இடறினால் உங்களுக்கும் முன்கூட்டியே தெரியும்.

நீங்களே ஒரு வகுப்பு நடத்தினால்?

பிரிட்டன் முறையை நம் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்குக் கொண்டுவரச் செலவே இல்லை. பழைய ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் போதும். வாரம் ஒரு நாள், ஜூமின் இலவச 40 நிமிடம். ஒவ்வொரு வாரமும் ஒருவர், தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி.

ஈபியில் இருந்தவர், ஸ்லாப் மாறினால் பில் ஏன் எகிறுகிறது என்று விளக்கலாம். சர்வேயராக இருந்தவர் பட்டா, சிட்டா, எஃப்எம்பி வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று காட்டலாம். தபால் துறையில் இருந்தவர் சேமிப்புத் திட்டங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சொல்லலாம். முப்பது வருடம் குடும்பத்தை நடத்திய இல்லத்தரசி, வடகம் போடுவதில் வெயிலை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று சொன்னால், அதுவும் முழுசாக ஒரு வகுப்புதான். இதெல்லாம் எந்த ஐஐடி வீடியோவிலும் கிடைக்காது.

தலைப்பு கிடைக்காத வாரத்தில், யூடியூபில் ஓர் உரையை எல்லாரும் முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்து, 40 நிமிடமும் அதைப் பற்றியே பேசலாம். பார்ப்பதோடு நிறுத்தாமல் பேசவும் கேட்கவும் வைப்பதுதான் இதில் லாபம்.

இந்த வாரம் தொடங்க வேண்டும் என்றால்

● உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தில் சேர்ந்தால் ஐந்தும் நிற்கும்.

● மேலே சொன்ன அமைப்புகளில் ஒன்றின் யூடியூப் பக்கத்தில், அந்தத் தலைப்பில் ஓர் உரையைப் பாருங்கள்.

● அடுத்த நேரலை எப்போது என்று பார்த்து, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் பேனாவால் எழுதுங்கள்.

● ஒரு நோட்டு வாங்குங்கள். உரை முடிந்ததும் மூன்று வரி, ஒரு கேள்வி.

● உரையில் கேட்கக் கூச்சமாக இருந்தால், அந்தக் கேள்வியை முதல் நாள் எழுத்தில் அனுப்புங்கள். இரண்டாவது முறை மைக்கை எடுத்துக் கேளுங்கள்.

● 1930, 14567 இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பருக்கும் சேமித்துக் கொடுங்கள்.